வர்தா புயலில் விழுந்த மரத்துக்குப் பதிலா என்ன வைக்கலாம்? (தண்டையார்பேட்டை, உப்புத் தண்ணி)

தண்டையார்பேட்டை தம்பி | 6 ஆகஸ்ட் 2023

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெரு முனையில, காம்பவுண்டுக்கு வெளிய ஒரு பெரிய மரம் இருந்தது. வெயில் காலத்துல காலைல கதவைத் தொறந்தா மஞ்சப்பொடியை வாரி இறைச்ச மாதிரி பூ கிடக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா அன்னிக்குக் காத்து கொஞ்சம் ஓஞ்சு, திரும்ப எதிர்ப்பக்கத்துல இருந்து அடிச்சுது பாருங்க, அப்போ வேரோட சாஞ்சு காம்பவுண்டையும் எதிர்வீட்டு வண்டியையும் சேர்த்து அமுக்கிடுச்சு.

ஏழு வருஷமா அந்த இடம் மொட்டையா இருக்கு. மதியம் மூணு மணிக்குத் திண்ணையில கை வைக்க முடியாது. அம்மா சாயங்காலம் அங்கதான் உக்காருவாங்க, இப்போ ஆறரைக்கு மேலதான் வெளிய வராங்க.

இடம் 14 அடிக்கு 9 அடி. மண்ணு மேல மணல், கீழ என்னன்னு தெரியாது. போர் தண்ணி உப்பு. பாதாள சாக்கடை மூடி 10 அடி தள்ளி. மேல கேபிள் டிவி ஒயர் மட்டும் போகுது. நிழலும் வேணும், குருவி அணிலும் வரணும். திரும்ப விழக் கூடாது. என்ன மரம் வைக்கலாம்?

மூலக்கடை மெக்கானிக் | 6 ஆகஸ்ட் 2023

மரம் வை தம்பி, வேணாம்னு சொல்லல. ஆனா குருவி வரணும்னு கேக்காத. எங்க பட்டறை வாசல்ல ஒரு மரம் இருக்கு. வண்டி விட வர்றவன் எல்லாம் சீட்டைத் தொடைச்சிட்டுத்தான் எடுக்கறான்.

பெரம்பூர் பறவை | 6 ஆகஸ்ட் 2023

மெக்கானிக் அண்ணே, எச்சம் விழுதுன்னா அந்த மரத்துல சாப்பாடு இருக்குன்னு அர்த்தம். எதுவுமே விழாத மரம் வேணும்னா பிளாஸ்டிக்லதான் வாங்கணும் :)

தம்பி, விழுந்தது பெருங்கொன்றை. இயல்வாகைன்னும் சொல்வாங்க. தென்கிழக்காசியா பக்கத்து மரம். சீக்கிரம் வளரும், நிழல் நல்லா குடுக்கும்னு நம்ம ரோட்டோரமெல்லாம் வச்சாங்க. மயில்கொன்றை (குல்மோஹர்) மடகாஸ்கர், தூங்குமூஞ்சி தென் அமெரிக்கா. வர்தாவுல இந்த மூணும்தான் ஏகத்துக்கு விழுந்துது.

நம்ம மரம்னா உங்க இடத்துக்கு என் ஓட்டு புங்கனுக்கு. ஏன்னு ராத்திரி விரிவா எழுதறேன், இப்போ ஆபீஸ்.

உப்புக்காத்து | 6 ஆகஸ்ட் 2023

நைனா, நான் காசிமேடு. எங்கூட்டாண்ட பூவரசு கீது. கடல் காத்து நேரா மூஞ்சில அடிக்கும், அது பாட்டுக்கு நிக்குது. உப்பு தண்ணியா, அதுக்கு டிபன் மாரி. சின்ன வயசுல அந்த எலையைச் சுருட்டி பீப்பி ஊதாத புள்ள எங்க தெருவுல கெடையாது.

ஒண்ணே ஒண்ணு. ஆட்டுக்கு அது பிரியாணி. கூண்டு போடாம வச்சீன்னா மறுநாள் குச்சிதான் இருக்கும்.

தண்டையார்பேட்டை தம்பி | 6 ஆகஸ்ட் 2023

அண்ணே எங்க தெருவுல ஆடு மட்டும் ஒம்பது இருக்கு.

திருவொற்றியூர் வாத்தியார் | 7 ஆகஸ்ட் 2023

ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளவும்.

மரம் விழுந்ததற்கு அதன் ஊர் மட்டும் காரணமில்லை. அந்தப் பெருங்கொன்றை விழுவதற்கு முந்தைய நான்கைந்து வருடத்தில் தெருவில் கேபிளுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ பள்ளம் தோண்டியிருப்பார்கள். ஒரு பக்கத்து வேரை வெட்டினால் மரம் உடனே பட்டுப்போகாது. பச்சையாகவே நிற்கும், நாமும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பிறகு வேர் இல்லாத திசையிலிருந்து காற்று அடிக்கும் நாளில் மறுபக்கம் சாயும். அத்தோடு அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டுவிட்டால் வேர் ஆழம் போகாமல் மேலேயே தண்ணீர் தேடி அலையும். நீங்கள் வேம்பே வைத்தாலும் இந்த இரண்டையும் செய்தால் விழும்.

எனவே முதல் கேள்வி இதுதான். அந்த 14 அடிக்கு 9 அடியில் எத்தனை அடி மண்ணாகவே விடப்போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், பிறகு மரம் பேசலாம்.

தண்டையார்பேட்டை தம்பி | 7 ஆகஸ்ட் 2023

ஐயா கரெக்ட்டா சொன்னீங்க. 2014ல அந்தப் பக்கம் பள்ளம் தோண்டினாங்க. மரம் விழுந்தப்போ ஒரு பக்கம் வேரே இல்ல, கத்தியால வெட்டின கேக்கு மாதிரி இருந்தது. நாங்க மரத்துக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சோம்.

மண்ணு 6 அடிக்கு 6 அடி விடலாம். மிச்சத்துல அண்ணன் வண்டி நிறுத்தணும்னு சொல்றான்.

கால்வாய்க்கரை | 7 ஆகஸ்ட் 2023

நான் வியாசர்பாடி. எல்லாரும் சின்னதா யோசிக்கிறீங்க. வச்சா ஆலமரம் வைக்கணும். இல்லன்னா அரசு. நூறு வருஷம் நிக்கும், ஆயிரம் பறவை வரும்.

பெரம்பூர் பறவை | 7 ஆகஸ்ட் 2023

ஆல், அரசு, அத்தி, இச்சி மாதிரி ஒரு மரம் காய்ச்சா அந்த ஏரியாவே கல்யாண வீடுதான், அதுல சந்தேகமே இல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் தனியா ஒரு குட்டிக் குளவி இருக்கு, அது உள்ள போய் மகரந்தம் சேர்த்தாத்தான் விதை பிடிக்கும். ஒரே இனத்துலயே ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நேரம் காய்க்கறதால, வேற பழம் இல்லாத மாசத்துலயும் குக்குறுவான், குயில், மைனா, கிளி, பழந்தின்னி வௌவால் எல்லாத்துக்கும் எங்கயாவது சோறு கிடைக்கும். குளிர்காலத்துல மாங்குயில்கூட வரும்.

ஆனா 14க்கு 9ல, பாதாள சாக்கடை 10 அடில? வேண்டாம். பறவை எச்சத்துல வந்த அரசங்கன்னு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரையே பொளக்குது, சாக்கடைக் குழாயை விடுமா? அடையாறு ஆலமரம் எத்தனை ஏக்கர்ல இருக்குன்னு போய்ப் பாருங்க. அதோட தாய்மரமே 1989ல காத்துல சாஞ்சுது, விழுதுங்கதான் நிக்குது. ஆலை ஏரிக்கரையில, கோயில் வெளியில, பள்ளி மைதானத்துல வைக்கணும். உங்க வியாசர்பாடி கால்வாய்க் கரையில அத்தி வைங்க கால்வாய்க்கரை, அதுக்குத் தண்ணி பக்கத்துல இருந்தா ரொம்பப் பிடிக்கும்.

இப்போ புங்கன் ஏன்னு:

உப்பைத் தாங்கும். நாலு நாள் தண்ணி நின்னாலும் தாங்கும். நம்ம பக்கம் ரெண்டும் வேணும். வேம்பு வெயிலுக்குக் கில்லாடி, ஆனா கால்ல தண்ணி நின்னா செத்துடும். புங்கன் ஆணிவேர் ஆழமாப் போகும், அதனால சுவருக்குப் பயம் கம்மி. மாசிக் கடைசியில இலை கொட்டும், ரெண்டு மூணு வாரம் மொட்டையா நிக்கும். பங்குனியில பாருங்க, எண்ணெய் தேச்சு விட்ட மாதிரி பளபளன்னு இளம்பச்சை. கத்திரி வெயில் வர்றப்போ முழு நிழல் தயார். அப்புறம் பூ உதிர்ந்து தரையில பொரி கொட்டினாப்ல கிடக்கும், தேனீ சத்தம் வீட்டுக்குள்ள கேக்கும். தேன்சிட்டும் வரும்.

அதைவிட முக்கியமா, இலையை நம்ம ஊர்ப் பூச்சி தின்னும். சின்ன நீல வண்ணத்துப்பூச்சி ஒண்ணு இதுல முட்டை போடும். பூச்சி இருந்தாத்தான் தையல்சிட்டு வரும், குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். பழம் இல்லாட்டியும் பறவை வர்றது இதனாலதான். வெளியூர் மரத்து இலையை நம்ம பூச்சிங்க பல நேரம் தொடறதே இல்ல. சுத்தமா இருக்கும், சாப்பாடு இருக்காது.

மூலக்கடை மெக்கானிக் | 8 ஆகஸ்ட் 2023

புங்கன் இலை பூரா கொப்புளமா இருக்குமே, அது வியாதிதானே? எங்க தெருவுல எல்லா புங்கனுக்கும் அம்மை போட்ட மாதிரி.

திருவொற்றியூர் வாத்தியார் | 8 ஆகஸ்ட் 2023

கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை ஒன்று இலைக்குள் கட்டிக்கொள்ளும் வீடு அது. பார்க்க அசிங்கம், மரத்துக்குப் பெரிய கேடில்லை. மருந்து அடிக்க வேண்டாம்.

புங்கன் சரியான தேர்வு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் புன்னையை மறந்துவிடுகிறார்கள். நெய்தல் நிலத்து மரமே அதுதான். மணலில் வளரும், உப்புக் காற்றில் இலை கருகாது, வருடம் முழுவதும் பச்சை. வெள்ளைப் பூ, நல்ல வாசனை. காயை வௌவால் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ போடும். குறை ஒன்றுதான், நிதானமாக வளரும். விதை ஓட்டை இலேசாகத் தட்டி உடைத்துப் போட்டால்தான் சீக்கிரம் முளைக்கும்.

எங்கள் ஊருக்கு மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்கு ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்து கொடுத்ததே தியாகராஜசுவாமி கோயில் மகிழடியில்தான். சன்னதியில் சத்தியம் செய்து தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார், மரத்தடியில் மாட்டிக்கொண்டார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. அடர்ந்த நிழல், சிறிய வேர், பழத்துக்குப் பறவை வரும். அதுவும் மெதுவான மரமே. அம்மாவுக்கு நிழல் சீக்கிரம் வேண்டும் என்பதால் உங்களுக்குச் சொல்லவில்லை.

கால்வாய்க்கரை | 8 ஆகஸ்ட் 2023

நம்ம மரம் நம்ம மரம்னு பேசுறோம். புளியந்தோப்புன்னு ஊருக்கே பேரு வச்சிருக்கோம், புளி ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததாமே? அப்போ அதையும் வெட்டிடலாமா?

பெரம்பூர் பறவை | 8 ஆகஸ்ட் 2023

நல்ல கேள்வி. வெட்டக் கூடாது. புளி வந்து எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு. தூங்குமூஞ்சி அவ்வளவு பழசு இல்ல, ஆனா அதையும் வெட்டக் கூடாது. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் பெரிய தூங்குமூஞ்சியில கொக்கு கூட்டமா அடையறதை நானே பாத்திருக்கேன். நிக்கிற பெரிய மரம் எந்த ஊரா இருந்தாலும் நிக்கட்டும். புதுசா ஒரு குழி தோண்டறப்போ எதை வைக்கிறோம்ங்கறதுதான் பேச்சு. இப்போ எல்லா காம்பவுண்டுலயும் கோனோகார்பஸ்னு ஒரு வெளிநாட்டு மரத்தை வரிசையா வைக்கிறாங்களே, அதைப் பாத்தாத்தான் வயிறு எரியுது.

மாடித்தோட்டம் கொடுங்கையூர் | 9 ஆகஸ்ட் 2023

போர் தண்ணி உப்புன்னா ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணிய ஊத்துங்க. தினமும் 20 லிட்டர் வீணாப் போகுது. நான் செடிக்கெல்லாம் அதான் ஊத்துறேன்.

திருவொற்றியூர் வாத்தியார் | 9 ஆகஸ்ட் 2023

அம்மா, தயவுசெய்து வேண்டாம். நல்ல தண்ணீரைக் குடிக்க எடுத்துக்கொண்டு மிச்ச உப்பையெல்லாம் சேர்த்து வெளியே தள்ளுவதுதான் அந்த மெஷின் செய்வது. அது போர் தண்ணீரைவிட உப்பு. கொடுங்கையூர் களிமண்ணில் அந்த உப்பு அப்படியே தங்கும். தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பாருங்கள்.

ஏசியில் சொட்டும் தண்ணீர் நல்லது. அரிசி, பருப்பு கழுவின தண்ணீர் நல்லது. லாரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் கன்றுக்கு ஒதுக்கலாம்.

மாடித்தோட்டம் கொடுங்கையூர் | 9 ஆகஸ்ட் 2023

ஐயோ ஆமா சார், வெள்ளையா இருக்கு. உரம்னு நினைச்சிட்டு இருந்தேன்.

தண்டையார்பேட்டை தம்பி | 27 ஆகஸ்ட் 2023

குழி தோண்டியாச்சு. 3 அடி ஆழம். முதல் ஒரு அடி மணல், அதுக்குக் கீழ பூரா ரப்பீஸ். செங்கல், டைல்ஸ் துண்டு, ஒரு பழைய வாஷ்பேசின். இப்போ என்ன போட்டு மூடறது?

பெரம்பூர் பறவை | 27 ஆகஸ்ட் 2023

ரப்பீஸ் எல்லாத்தையும் எடுத்துடுங்க, ஒரு கூடை விடாம. சிமெண்ட் கலந்த மண்ணு வேருக்கு ஆகாது. செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு. மணல் மண்ணுல தண்ணி நிக்காது, அதனால தென்னை நார்க்கழிவு கொஞ்சம்.

கன்னு வாங்கும்போது உயரத்தைப் பாக்காதீங்க, பையோட அடியைப் பாருங்க. வேர் வெளிய வந்து சுருண்டிருந்தா வேற கன்னு எடுங்க. பைக்குள்ள வட்டமா சுத்தின வேர் மண்ணுக்குள்ளயும் வட்டமாத்தான் சுத்தும், பத்து வருஷம் கழிச்சு காத்துல சாயறது அதான். அஞ்சடிக் கன்னு போதும். நடும்போது பையைக் கிழிச்சுத் தூக்கிப் போட்டுடுங்க. எங்க தெருவுல யாரோ வச்சுட்டுப் போன கன்னு ரெண்டு வருஷமா வளரலன்னு தோண்டிப் பாத்தா உள்ள கருப்புப் பை அப்படியே இருக்கு.

தண்டு ஆரம்பிக்கிற இடம் தரை மட்டத்துக்கே இருக்கணும், புதைக்காதீங்க. குச்சி நட்டுப் பழைய புடவைத் துணியால தளர்வா கட்டுங்க. காத்துல கொஞ்சம் ஆடினாத்தான் தண்டு தடிக்கும்.

உப்புக்காத்து | 28 ஆகஸ்ட் 2023

கூண்டுக்குத் துட்டு செலவு பண்ணாத நைனா. நாலு சவுக்குக் கம்பு நட்டு சுத்தி பழைய வலை கட்டு. பெரிய கண்ணு வலையா சொல்றேன். சின்னக் கண்ணுன்னா அணிலு, ஓணான் மாட்டிக்கும், பாவம். கீழ அரை அடி தரைக்கு மேல தூக்கிக் கட்டு. வந்தீன்னா வலை நானே தரேன், ஏலக்கூடம் பக்கம் வந்து போன் அடி.

தண்டையார்பேட்டை தம்பி | 17 செப்டம்பர் 2023

புங்கன் நட்டாச்சு. உப்புக்காத்து அண்ணன் வலையும் குடுத்து, வஞ்சிரமும் குடுத்து அனுப்பினார். குழி ஓரமா 3 அடி பிவிசி பைப் ஒண்ணு ஓட்டை போட்டு நட்டு வச்சிருக்கேன், வாத்தியார் ஐயா போன்ல சொன்னது. அதுல ஊத்தினா தண்ணி நேரா கீழ போகும், வேரும் கீழ போகும்.

அண்ணன்கிட்ட பேசி மண்ணு 7 அடிக்கு 6 அடி விட்டாச்சு. வண்டி குறுக்க நிக்குது.

மூலக்கடை மெக்கானிக் | 17 செப்டம்பர் 2023

வண்டிக்கு ஒரு கவர் வாங்கிக்கச் சொல்லு உங்க அண்ணனை.

தண்டையார்பேட்டை தம்பி | 11 டிசம்பர் 2023

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. நாலு நாள் கரண்ட் இல்ல. கீழ் வீட்டுப் பொருள் எல்லாம் போச்சு. தண்ணி வடிஞ்சப்புறம்தான் கன்னு ஞாபகமே வந்துது. சாஞ்சு கிடக்கு, இலை பாதி மஞ்சள், தண்டு பச்சையாத்தான் இருக்கு. எடுத்துடவா?

பெரம்பூர் பறவை | 11 டிசம்பர் 2023

முதல்ல வீட்டைப் பாருங்க தம்பி. கன்னை நிமிர்த்திக் கட்டிட்டு விட்டுடுங்க. உரம் போடாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. தண்டை நகத்தால கீறிப் பாருங்க, உள்ள பச்சைன்னா உயிர் இருக்கு.

உப்புக்காத்து | 12 டிசம்பர் 2023

எண்ணூர் பக்கம் தண்ணியில எண்ணெய் கலந்து ஆத்து முகத்துவாரமே கருப்பா கீது. எங்க சொந்தக்காரங்க வலை, படகு எல்லாம் தாரு பூசுன மாரி. உன் தெரு தண்ணியில எண்ணெய் வாசனை இருந்துதா? இருந்தா மேல் மண்ணை ரெண்டு இஞ்சு வழிச்சுப் போட்டுடு.

தண்டையார்பேட்டை தம்பி | 12 டிசம்பர் 2023

இல்லண்ணே, சாக்கடை வாசனை மட்டும்தான். நீங்க பாத்து இருங்க.

தண்டையார்பேட்டை தம்பி | 30 மார்ச் 2024

துளிர் விட்டுடுச்சு!! அடியில இருந்து நுனி வரைக்கும்!

திருவொற்றியூர் வாத்தியார் | 30 மார்ச் 2024

மகிழ்ச்சி. இனிதான் வேலை. மழையில் சாகும் கன்றைவிட முதல் மூன்று கோடையில் சாகும் கன்றுதான் அதிகம். நடும் நாளில் படம் எடுக்க இருபது பேர் வருவார்கள், மே மாதம் குடம் தூக்க ஒருவரும் இருக்க மாட்டார். இந்தக் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 லிட்டர். அடுத்த கோடையில் வாரம் இருமுறை, ஆனால் 30 லிட்டர். அதற்கடுத்து வாரம் ஒருமுறை போதும். விழும் சருகைக் கூட்டி எரிக்காமல் அடியிலேயே போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

தண்டையார்பேட்டை தம்பி | 20 ஜூலை 2025

நாளாச்சு. மரம் இப்போ 12 அடி. கீழ்க் கிளையெல்லாம் ஒரே நேரத்துல வெட்டாம வருஷத்துக்கு ரெண்டா எடுத்துட்டு வரேன்.

ஒரு பிரச்சனை. இளம் இலையில புழு வந்திருக்கு. எதிர்வீட்டு அம்மா கம்பளிப்பூச்சி, குழந்தைக்கு அரிக்கும்னு மருந்து வாங்கிட்டு வந்து நின்னாங்க. எங்கம்மா விடல. “முருங்கையில வர்றதுதான்டி அரிக்கும், இதுக்கு முடியே இல்ல பாரு”ன்னு கண்ணாடியை மாட்டிக்கிட்டு இலையைத் திருப்பிக் காட்டினாங்க. அவங்க பாதி மனசா போனாங்க. அம்மா சொன்னது சரிதானே? நான் அவங்களை நம்பி நிக்கறேன்.

பெரம்பூர் பறவை | 20 ஜூலை 2025

முடி இல்லன்னா கவலையே இல்ல, அம்மா சொன்னது சரி. வண்ணத்துப்பூச்சிப் புழுவாத்தான் இருக்கும். ஒரு புழுவை இலையோட கண்ணாடி பாட்டில்ல போட்டு, மேல துணி கட்டி அந்த வீட்டுக் குழந்தைகிட்டயே குடுங்க. தினமும் புது இலை மாத்தச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை தம்பி | 6 ஆகஸ்ட் 2025

பாட்டில்ல இருந்து பழுப்பா ஒண்ணு வந்துது, நீலம் இல்ல. அந்தப் பாப்பா ஏமாந்துட்டா, ஆனா இன்னொரு புழு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கா. மருந்து டப்பா அவங்க வீட்டு ஜன்னல்லயே இருக்கு.

நிழல் நாலு மணிக்குத் திண்ணையோட முதல் படி வரைக்கும் வருது. அம்மா அஞ்சரைக்கு வெளிய வராங்க இப்போ.

மாடித்தோட்டம் கொடுங்கையூர் | 6 ஆகஸ்ட் 2025

தம்பி, எங்க வீட்டு முன்னாடியும் ஒரு இடம் இருக்கு. உங்க மரத்துல விதை கிடைக்குமா?

தண்டையார்பேட்டை தம்பி | 6 ஆகஸ்ட் 2025

இது காய்க்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும் அக்கா.

மூலக்கடை மெக்கானிக் | 7 ஆகஸ்ட் 2025

எங்க பட்டறை வாசல்ல நிக்கறது புங்கன்தான்மா. பங்குனியில வா, காயெல்லாம் வண்டி மேலதான் கொட்டும். ஒரு பையும் எடுத்துட்டு வா.